செத்த முதல் கோழியைத் தூக்கி எறியாதீர்கள்

மாசி, பங்குனி வந்துவிட்டால் சித்தூர், நகரி, புத்தூர், குப்பம் பக்கத்து ஊர்களில் தமிழ் பேசும் வீடுகளில் தவறாமல் காதில் விழும் பேச்சு இது: "கோழிக்குச் சீக்கு வந்துடுச்சு." முந்தின நாள் சாயங்காலம் வரை முற்றத்தில் கிளறித் தின்றுகொண்டிருந்த சேவல், காலையில் கூண்டு மூலையில் இறகைச் சிலிர்த்துக்கொண்டு தூங்கி விழும். வெள்ளையும் பச்சையுமாகக் கழியும். இரண்டு மூன்று நாளில் அது போய்விடும். ஒரு வாரத்துக்குள் கூட இருந்தவையும் போய்விடும். அதற்குள் தெருவில் இன்னும் நான்கு வீட்டுக் கோழிகள் தூங்க ஆரம்பித்திருக்கும்.

அந்த ஒரு வாரத்தில் பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதுதான். முதலில் செத்த கோழி குப்பைமேட்டுக்குப் போகிறது. இரண்டாவது தூங்கத் தொடங்கியதும் அறுத்துக் குழம்பு வைத்துவிடுகிறார்கள். மிச்சத்தைச் சந்தையில் வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். நடுவில் மருந்துக்கடையில் ஏதோ ஒரு மாத்திரை வாங்கி, நசுக்கித் தண்ணீரில் கலந்தும் வைக்கிறார்கள். என்ன நோய் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

கேட்டு என்ன ஆகப்போகிறது என்பது நியாயமான கேள்விதான். கோழியைக் கொத்துக்கொத்தாகக் கொல்லும் வைரஸ் நோய்களுக்கு மருந்து கிடையாது. மருந்துக்கடை மாத்திரை பாக்டீரியாவைத்தான் கொல்லும், வைரஸை ஒன்றும் செய்யாது. ஆனாலும் நோயின் பெயர் தெரிந்தாக வேண்டும். தூங்கி விழும் கோழிக்கு அதனால் பயன் குறைவுதான். இன்னும் நன்றாக இருக்கும் கோழிகளுக்கும், பக்கத்து வீட்டுக் கோழிகளுக்கும், அவற்றைக் கையில் தூக்கும் பிள்ளைகளுக்கும்தான் அந்தப் பெயர் வேண்டும். ராணிக்கெட் என்று தெரிந்தால் அடுத்த தெருவில் தடுப்பூசி போடலாம். மாரெக் என்று தெரிந்தால் அடுத்த முறை குஞ்சு வாங்கும் இடத்தை மாற்றலாம். பறவைக் காய்ச்சல் என்று தெரிந்தால் மனித உயிரையே காப்பாற்றலாம்.

இந்தப் பகுதியில் அதற்கு வசதி இல்லை என்றும் சொல்ல முடியாது. திருப்பதியில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1955 முதல் இயங்குகிறது. 2005-இல் அதை மையமாக வைத்து ஸ்ரீ வேங்கடேஸ்வரா கால்நடைப் பல்கலைக்கழகம் உருவானது. சித்தூருக்குப் பக்கத்தில், தமிழ்நாட்டு ராணிப்பேட்டையில், 1932-இல் தொடங்கிய கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் இருக்கிறது. ராணிக்கெட் தடுப்பூசி அங்கேயே தயாராகிறது. இத்தனை பக்கத்தில் இவ்வளவு இருந்தும், பரிசோதனைக்குப் போக வேண்டிய கோழி குப்பைக்குப் போகிறது என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

ராணிக்கெட்: முதல் சந்தேகம்

நாம் வெள்ளைக் கழிச்சல் என்போம். தமிழ்நாட்டு அரசு அறிவிப்புகளில் கோழிக்கழிச்சல். சித்தூர் கால்நடை மருத்துவமனையில் தெலுங்கில் கொக்கெர தெகுலு என்று சொல்வார்கள். எல்லாம் ஒரே நோய். 1926-இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் பரவியதை டாயில் என்பவர் விவரித்தார், அதனால் உலகத்துக்கு அது நியூகாசில் நோய். இந்தியாவில் எட்வர்ட்ஸ் என்ற ஆய்வாளர் குமாவோன் மலையிலுள்ள ராணிக்கெட்டில் கண்டு 1928-இல் பதிவு செய்ததால் நமக்கு ராணிக்கெட்.

கொல்லைப்புறத்தில் கோழிகள் அடுத்தடுத்துச் சாகும்போது முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். கிருமி உள்ளே போய்ப் பெரும்பாலும் 5, 6 நாளில் அறிகுறி தெரியும். சில சமயம் இரண்டு நாளிலேயே தெரியும், சில சமயம் இரண்டு வாரம் கூட ஆகும். தீனி எடுக்காது, தூங்கும், பச்சை கலந்த வெள்ளைக் கழிச்சல் போகும். வாயைத் திறந்து மூச்சு வாங்கும், தொண்டையில் கரகரவென்று சத்தம் வரும். முட்டையிடும் கோழி முட்டையை நிறுத்தும், அல்லது தோல்முட்டை போடும். நாலைந்து நாள் தாக்குப்பிடித்த கோழிக்கு நரம்புக் கோளாறு தொடங்கும். இறக்கை தொங்கும், கால் இழுக்கும், கழுத்து முறுக்கிக்கொண்டு தலை பின்னால் திரும்பிவிடும். கொத்த முயலும்போது அலகு தானியத்தில் படாமல் பக்கத்தில் போய் விழும். தடுப்பூசியே போடாத கூட்டத்தில் கடுமையான ரகக் கிருமி புகுந்தால் ஏறக்குறைய எல்லாமே செத்துவிடும்.

கழுத்து முறுக்கியதை வைத்தே ராணிக்கெட் என்று அடித்துச் சொல்பவர்கள் உண்டு. அது பாதி உண்மை. பி1 சத்துக் குறைந்த கோழியும் தலையை வானத்தைப் பார்க்கத் திருப்பிக்கொள்ளும், ஆனால் அதற்குக் கழிச்சலோ மூச்சிரைப்போ இருக்காது, தெருவில் மற்ற கோழிகள் சாகாது. அழுகிய பிணத்தையோ அதில் நெளியும் புழுவையோ தின்ற கோழிக்குக் கழுத்து துவண்டு தரையில் படுத்துவிடும். ராணிக்கெட்டில் கழுத்து இறுக்கமாக முறுக்கும், நச்சுணவில் தளர்ந்து விழும். கையில் பிடித்துப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்.

உறுதியான தடயம் வயிற்றுக்குள் இருக்கிறது. போஸ்ட்மார்ட்டம் செய்யும் மருத்துவர் குடலை உருவி எடுத்தபின் ஒரு குறிப்பிட்ட உறுப்பைத் தேடுவார். கோழிக்குத் தடித்த அரைவைப்பைக்கு முன்னால், விரல் பருமனில் சுரப்பு இரைப்பை என்று ஒன்று உண்டு. அதை நீளவாக்கில் கத்தரியால் வெட்டி விரித்துத் தண்ணீரில் அலசினால், உள்பக்கம் முழுக்கச் சிறுசிறு மேடுகளாகச் சுரப்பிகள் வரிசையாகத் தெரியும். நல்ல கோழியில் அவை வெளுப்பாக இருக்கும். கடுமையான ராணிக்கெட்டில் ஒவ்வொரு மேட்டின் நுனியிலும் ஊசியால் குத்தியது மாதிரி சிவப்பு ரத்தப்புள்ளி நிற்கும். பிறகு குடலின் கடைசிப் பகுதி, இரட்டைக் குடல்வால்கள் பிரியும் இடம், மூச்சுக்குழல் ஆகியவற்றில் ரத்தக்கசிவும் புண்ணும் இருக்கிறதா என்று பார்ப்பார். இத்தனையும் சேர்ந்திருந்து, தடுப்பூசி போடாத கோழியாகவும் இருந்தால், ஆய்வக முடிவு வருமுன்பே பக்கத்து வீடுகளை எச்சரித்துவிடலாம்.

இதைப் படித்துவிட்டு வீட்டுக் கத்தியால் கிழித்துப் பார்க்க வேண்டாம். இதே ரத்தப்புள்ளிகள் பறவைக் காய்ச்சலிலும் வரும். ஏன் வேண்டாம் என்பது கீழே வருகிறது.

கால் மடங்கும் இளங்கோழி

மூன்று, நான்கு மாத விடைக்கோழி ஒன்று திடீரென்று நொண்டுகிறது. நன்றாகத் தின்கிறது, கண்ணில் தெளிவு இருக்கிறது, ஆனால் எழுந்து நிற்க முடியவில்லை. ஒரு கால் முன்னே நீட்டியும் இன்னொன்று பின்னே நீட்டியும் படுத்துக் கிடக்கிறது. நாய் கடித்ததா, யாராவது கல் எறிந்தார்களா என்று வீட்டில் விசாரணை நடக்கும். இரண்டு வாரத்தில் உடம்பு இளைத்துச் சாகும். பிறகு இன்னொன்றுக்கு ஆரம்பிக்கும். இப்படி ஒவ்வொன்றாக, வாரக் கணக்கில் இழுத்துக்கொண்டு போனால் மாரெக் நோயைச் சந்தேகிக்க வேண்டும். ஹங்கேரி நாட்டுக் கால்நடை மருத்துவர் யோசெப் மாரெக் 1907-இல் இதை முதலில் விவரித்தார்.

இது ஹெர்பஸ் வகை வைரஸ். நரம்புகளில் வீக்கத்தையும், ஈரல், மண்ணீரல், சினைப்பை ஆகியவற்றில் கட்டிகளையும் உண்டாக்கும். சில கோழிகளுக்குக் கண்ணின் கருவிழி வட்டம் சாம்பல் நிறமாக மாறி, நடுப்புள்ளி கோணலாகிவிடும். போஸ்ட்மார்ட்டத்தில் மருத்துவர் தொடைத் தசையை விலக்கி இரண்டு கால்களின் பெருநரம்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். ஆரோக்கியமான நரம்பு வெள்ளையாக, மெல்லிய குறுக்குக் கோடுகளோடு பளபளக்கும். நோயுற்ற நரம்பு இரண்டு மூன்று மடங்கு தடித்து, கோடுகள் மறைந்து, மஞ்சளடித்துப் போயிருக்கும். பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் தடித்திருக்கும் என்பதால் ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம். கட்டி மட்டும் இருந்து நரம்பு நன்றாக இருந்தால், வயதும் நாலு மாதத்தைத் தாண்டியிருந்தால், லிம்பாய்டு லூக்கோசிஸ் என்ற வேறொரு வைரஸ் நோயாகவும் இருக்கலாம். அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கத் திசுவை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். இரண்டு காலும் ஒன்றுபோல் வலுவிழந்து, விரல்கள் உள்ளே சுருண்டிருக்கும் சின்னக் குஞ்சுக்கு வைரஸ் எதுவும் இல்லாமல் பி2 சத்துக் குறைவு மட்டுமே இருக்கலாம். அதை வைட்டமின் கொடுத்தே சரிசெய்யலாம்.

மாரெக் விஷயத்தில் கொல்லைப்புறக் கோழி வளர்ப்பவர்கள் கவனிக்காத ஒன்று இருக்கிறது. வனராஜா, கிராமப்ரியா போன்ற குஞ்சுகள் நல்ல பொரிப்பகத்திலிருந்து வந்தால் முதல் நாளே மாரெக் தடுப்பூசி போட்டிருப்பார்கள். வீட்டில் அடைகோழி வைத்துப் பொரித்த நாட்டுக் குஞ்சுக்கு அது கிடைப்பதே இல்லை. இந்தத் தடுப்பூசி கட்டி வருவதையும் சாவதையும் தடுக்கும். கிருமி உடம்பில் புகுவதையும், இறகுத் தூசியோடு வெளியே வருவதையும் முழுக்கத் தடுக்காது. ஆக, தடுப்பூசி போட்ட குஞ்சு பார்க்க ஆரோக்கியமாக வந்து சேரும், கூடவே கிருமியையும் கொண்டுவரலாம். அது தப்பித்துக்கொள்ளும், கூட அடைத்த நாட்டுக் குஞ்சு காலை இழுக்கும். "வாங்கின கோழி நல்லாத்தான் இருக்கு, நம்ம வீட்டுக் கோழிக்குத்தான் என்னவோ ஆச்சு" என்று சொல்பவர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும். தூசியில் கிருமி பல மாதம் உயிரோடு இருக்கும் என்பதால் பழைய கூண்டும் சந்தேகத்துக்குரியதே. மனிதருக்கு இது தொற்றாது.

கோழி அம்மையும் கும்போரோவும்

அம்மையைக் கண்டுபிடிப்பது சுலபம். மழைக்காலம் தொடங்கிக் கொசு பெருகும்போது வரும். கொண்டை, தாடி, கண் இமை ஆகிய இறகில்லாத இடங்களில் கொப்புளம் கிளம்பி, கறுத்த பொருக்காகும். தோலோடு நின்றால் பெரும்பாலான கோழிகள் மூன்று நான்கு வாரத்தில் தேறிவிடும். கண் மூடிக்கொண்ட கோழிக்குக் கையால் தீனியும் தண்ணீரும் கொடுத்தால் போதும். வாய்க்குள்ளும் மூச்சுக்குழலிலும் மஞ்சள் படலம் கட்டினால்தான் ஆபத்து, அது மூச்சை அடைக்கும். பொருக்கைப் பிய்த்து எடுக்காதீர்கள்.

கும்போரோ 3 முதல் 6 வாரக் குஞ்சுகளின் நோய். ஆசனவாய்க்கு மேலே உள்ள, நோய் எதிர்ப்புச் சக்தியைப் பயிற்றுவிக்கும் சின்னப் பையை அது தாக்குகிறது. குஞ்சு தன் பின்பக்கத்தையே கொத்திக்கொள்ளும், நீராகக் கழியும், நடுங்கும். அறுத்துப் பார்த்தால் அந்தப் பை வீங்கியும் தொடையில் ரத்தத் திட்டுகளும் இருக்கும். தப்பித்த குஞ்சுக்கும் எதிர்ப்புச் சக்தி குலைந்துவிடுவதால், பின்னால் போடும் ராணிக்கெட் தடுப்பூசி சரியாகப் பிடிக்காது. "ஊசி போட்டும் செத்துப்போச்சு" என்ற புகாருக்கு இதுவும் ஒரு காரணம்.

பறவைக் காய்ச்சல்: கண்ணை நம்பக் கூடாத இடம்

இந்தியாவில் பறவைக் காய்ச்சல் வைரஸான எச்5என்1 முதலில் உறுதியானது 2006 பிப்ரவரியில், மகாராஷ்டிரத்தின் நவாபூரில். அப்போது அது தொலைதூரச் செய்தி. 2024 பிப்ரவரியில் நெல்லூர் மாவட்டத்தின் சாட்டகுட்லா, கும்மள்ளதிப்பா கிராமங்களில் உறுதியானபோது திருப்பதி மாவட்டத்துக்கு அடுத்த வீட்டுச் செய்தியாகிவிட்டது. 2025 பிப்ரவரியில் கோதாவரி மாவட்டங்களின் வேல்பூரிலும் கானூரு அக்ரஹாரத்திலும் உறுதியானது. அதே ஆண்டு மார்ச்சில் பல்நாடு மாவட்டம் நரசராவ்பேட்டையைச் சேர்ந்த இரண்டு வயதுப் பெண் குழந்தை மங்களகிரி எய்ம்ஸ் மருத்துவமனையில் இறந்தது. எச்5என்1 தொற்று என்பதைப் புனேயிலுள்ள தேசிய வைரஸ் ஆய்வு நிறுவனம் உறுதி செய்தது. வீட்டில் கோழி வெட்டும்போது குழந்தைக்குப் பச்சைக் கறித்துண்டு ஒன்று கொடுத்ததாகக் குடும்பத்தார் சொன்னது செய்திகளில் வந்தது. அது ஒரு சாதாரண வீட்டில், சாதாரணமாக நடக்கக்கூடிய காரியம். அதை நினைத்துத்தான் இந்தக் கட்டுரையில் எச்சரிக்கையை இத்தனை தடவை சொல்கிறேன்.

திருப்பதி மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் பழவேற்காடு ஏரியும் நேலபட்டுப் பறவைகள் சரணாலயமும் இருக்கின்றன. குளிர்காலத்தில் தூரதேசப் பறவைகள் வந்து இறங்கும் இடங்கள் அவை. நீர்ப்பறவைகளும் வாத்துகளும் இந்தக் கிருமியைப் பெரிய அறிகுறி இல்லாமலே சுமக்கக்கூடியவை. நெல் அறுத்த வயல்களில் வாத்து மந்தைகள் மேய வரும் காலமும் அதுவே. வலசைப் பறவைகளைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. ஏரித் தண்ணீரைக் கோழிக்கு வைக்காமல் இருந்தால், கோழியையும் வாத்தையும் ஒரே தொட்டியில் குடிக்க விடாமல் இருந்தால் போதும்.

அறிகுறிகளைப் பொறுத்தவரை, கொண்டையும் தாடியும் நீலம் பாரித்து வீங்குவது, முகம் உப்புவது, காலின் செதில் பகுதியில் ரத்தச் சிவப்பு, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் ஒரே இரவில் பல கோழிகள் செத்துக் கிடப்பது ஆகியவை பறவைக் காய்ச்சல் பக்கம் கையைக் காட்டும். ஆனால் கடுமையான ராணிக்கெட்டும் இதையே செய்யும். முப்பது வருட அனுபவமுள்ள மருத்துவரும் கண்ணால் பார்த்து இரண்டையும் பிரித்துச் சொல்ல மாட்டார், சொல்லவும் கூடாது. ஆய்வகம் மட்டுமே பிரிக்க முடியும். சந்தேக மாதிரிகளுக்கான இறுதித் தீர்ப்பு போபாலில் உள்ள தேசிய உயர்பாதுகாப்பு விலங்கு நோய் நிறுவனத்திலிருந்து வர வேண்டும். தென்மாநிலங்களுக்கான வட்டார ஆய்வகம் பெங்களூரில் இருக்கிறது.

அதனால் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் இரண்டு மூன்று கோழிகள் காரணம் தெரியாமல் செத்தால், அல்லது காகமோ வாத்தோ கூடவே செத்துக் கிடந்தால், வெறுங்கையால் தொடாதீர்கள், பையில் போட்டுப் பஸ்ஸில் எடுத்துக்கொண்டும் போகாதீர்கள். கால்நடை மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள். அங்குள்ளவர்கள் பாதுகாப்பு உடையோடு வந்து எடுப்பதுதான் முறை. அப்படிக் கோழியைத் தொட்டவருக்கு அடுத்த பத்து நாளுக்குள் காய்ச்சலோ இருமலோ வந்தால், "எங்க வீட்டுல கோழி செத்துச்சு" என்ற ஒரு வாக்கியத்தை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். அவர் தானாகக் கேட்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

கறியைப் பற்றிய பயம் அளவாக இருக்கட்டும். 70 டிகிரிக்கு மேல் உள்வரை வெந்த கறியிலும் முட்டையிலும் இந்த வைரஸ் பிழைக்காது. ஆபத்து அறுப்பதிலும் இறகு பிடுங்குவதிலும் பச்சைக் கறியைக் கையாளுவதிலும் இருக்கிறது. சீக்குக் கோழியை அறுப்பதை விட்டுவிடுங்கள். ராணிக்கெட் கூட அறுப்பவர் கண்ணில் பட்டால் சில நாள் கண் சிவந்து உறுத்தும்.

மருத்துவர் கேட்கும் கேள்விகள்

நல்ல மருத்துவர் கோழியைப் பார்ப்பதற்கு முன் உங்களைக் கேட்பார். எத்தனை கோழி, அதில் எத்தனைக்குச் சீக்கு, எத்தனை செத்தது? என்ன வயது? முதல் கோழி என்றைக்குத் தூங்க ஆரம்பித்தது? கடைசியாக எப்போது தடுப்பூசி போட்டது, என்ன ஊசி? இரண்டு வாரத்துக்குள் வெளியிலிருந்து கோழி, குஞ்சு, முட்டை அட்டை ஏதாவது வந்ததா? சந்தைக்குக் கொண்டுபோய் விற்காமல் திரும்பக் கொண்டுவந்த கோழி உண்டா? பக்கத்து நிலத்தில் பூச்சிமருந்து அடித்தார்களா?

இந்தப் பதில்களிலேயே பாதி நோய் பிடிபட்டுவிடும். மருந்து தெளித்த வயலில் மேய்ந்த கோழிகள் தீனிப்பை நிறைய இரையோடு அன்றைக்கே சாகும். சித்திரை வெயிலில் நிழலும் தண்ணீரும் இல்லாமல் அடைபட்டவை மத்தியானத்தில் மூச்சிரைத்துச் சாகும். குஞ்சுகள் ரத்தமாகக் கழிந்தால் பெரும்பாலும் ரத்தக்கழிச்சல் ஒட்டுண்ணி, அதற்கு மருந்து உண்டு. முகம் வீங்கி, மூக்கில் நாற்றமெடுத்த சளி வந்தால் கொரைசா என்ற பாக்டீரியா நோயாக இருக்கலாம், அதற்கும் மருந்து உண்டு. எல்லாக் கோழிச் சாவும் வைரஸ் என்று கைவிட்டுவிட்டால், பிழைக்க வேண்டியவையும் போய்விடும். சரியாகக் கண்டறிவதன் இன்னொரு லாபம் இது.

மேய்ச்சலுக்குப் போய்வரும் கோழிகளுக்குக் கணக்கு வைப்பது பழக்கமில்லைதான். காலண்டரின் தேதிக் கட்டத்தில் "ஊசி", "புதுக் குஞ்சு 6", "சேவல் தூங்குது" என்று எழுதி வைத்தாலே போதும். எந்த ஆய்வக அறிக்கைக்கும் அது பெரிய துணை.

ஆய்வகத்தில் என்ன நடக்கிறது

சாதாரணச் சாவாக, ஒன்றிரண்டு கோழியாக இருந்து, கொண்டுவரச் சொல்லி மருத்துவரே கேட்டால் இப்படிச் செய்யுங்கள். செத்துச் சில மணி நேரத்துக்குள் இருக்கும் உடல் வேண்டும். கையில் உறையும் முகத்தில் மாஸ்க்கும் போட்டுக்கொண்டு, இறகைச் சோப்புத் தண்ணீரால் நனையுங்கள். தூசி பறக்காது, உடலும் சீக்கிரம் குளிரும். இரண்டு பிளாஸ்டிக் உறைக்குள் ஒன்றுக்குள் ஒன்றாகக் கட்டி, சுற்றிலும் ஐஸ் வைத்துத் தெர்மாகோல் பெட்டியில் அனுப்புங்கள். ஃப்ரீசரில் உறைய வைத்தால் திசு சிதைந்து நுண்ணோக்கிப் பரிசோதனைக்கு உதவாது. சித்தூர் வெயிலில் நாலு மணி நேரம் சாக்கில் கிடந்த உடலிலும் அழுகலைத் தவிர ஒன்றும் தெரியாது. முடிந்தால் சீக்கு கண்டு சாகாத கோழி ஒன்றையும் காட்டுவது இன்னும் நல்லது.

கோழியின் தொண்டையிலும் ஆசனவாயிலும் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்த மாதிரியை 9 முதல் 11 நாள் அடைந்த கருமுட்டைக்குள் செலுத்துவார்கள். வைரஸ் இருந்தால் அதில் பெருகும். பிறகு முட்டையின் நீரை எடுத்துச் சின்னக் குழிகள் உள்ள தட்டில், கோழியின் ரத்தச் சிவப்பணுக்களோடு கலப்பார்கள். வைரஸ் இல்லாத குழியில் சிவப்பணுக்கள் அடியில் இறங்கி, நெற்றிப் பொட்டு மாதிரி வட்டமாக ஒதுங்கும். ராணிக்கெட் வைரஸோ பறவைக் காய்ச்சல் வைரஸோ இருந்தால் அணுக்களை ஒன்றோடொன்று கோர்த்துக் குழி முழுக்கப் பரப்பிவிடும். இரண்டும் இதைச் செய்யும் என்பதால், அடுத்து ஒவ்வொரு வைரஸுக்கும் உரிய எதிர்ப்பொருளைச் சேர்ப்பார்கள். எந்த எதிர்ப்பொருள் அந்தக் கோர்வையைத் தடுக்கிறதோ, அதற்குரியதே அந்த வைரஸ். இப்போது பிசிஆர் முறையில் மரபணுவைத் தேடி ஒரு நாளிலேயே சொல்லிவிட முடிகிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பத்து நாள் முன்பு உயிர்த் தடுப்பூசி போட்ட கோழியின் தொண்டையில் தடுப்பூசி வைரஸே இருக்கும், பிசிஆர் அதையும் பிடிக்கும். ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருந்தாலும் அது நோயால் வந்ததா ஊசியால் வந்ததா என்று ஒரு பரிசோதனையில் தெரியாது. இரண்டு மூன்று வார இடைவெளியில் மறுபடி எடுத்து, அளவு கூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அல்லது வைரஸின் மரபணுவில் அதன் கடுமையைக் காட்டும் பகுதியை வரிசைப்படுத்திப் பார்க்க வேண்டும். தடுப்பூசித் தேதியை மறைக்காமல் சொல்லச் சொல்வது இதற்காகத்தான்.

பெயர் தெரிந்த பிறகு

செல்லமாகப் பெயர் வைத்து வளர்க்கிற கோழியை என்ன செய்வது என்று கேட்பவர்கள் நிறையப் பேர். ராணிக்கெட் என்றால், தனியாக வைத்து, வாயில் கஞ்சியும் எலக்ட்ரோலைட் தண்ணீரும் ஊட்டி, சில கோழிகளைத் தேற்றியவர்கள் உண்டு. கழுத்துக் கோணலோடு அது வருடக்கணக்கில் வாழவும் கூடும். ஆனால் பிழைத்த கோழி சில வாரம் கிருமியை எச்சத்தில் விட்டுக்கொண்டிருக்கும், அதுவரை மற்றவற்றோடு விடக் கூடாது. மாரெக் வந்து கால் விழுந்த கோழி தேறுவது அரிது. அதைத் துன்பப்பட விடாமல் மருத்துவர் கையால் அமைதியாக முடித்துவிடுவது கொடுமை ஆகாது என்பது என் கருத்து. பறவைக் காய்ச்சலில் உங்கள் விருப்பத்துக்கு இடமில்லை. நோய் உறுதியான இடத்தைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் இருக்கும் கோழிகளை அழிப்பதும் 10 கிலோமீட்டர் வரை கண்காணிப்பதும் அரசின் நடைமுறை. அழிக்கப்படும் கோழிகளுக்கு இழப்பீடு உண்டு. தானாகச் செத்தவற்றுக்குக் கிடையாது, ஆகவே தாமதமாகச் சொல்வதில் யாருக்கும் லாபமில்லை. 2009-ஆம் ஆண்டின் விலங்குகள் தொற்றுநோய்ச் சட்டப்படி, பட்டியலிலுள்ள நோயைச் சந்தேகித்தால் கோழி உரிமையாளர் கிராம அலுவலரிடமோ ஊராட்சியிடமோ தெரிவிப்பது கடமை. ராணிக்கெட்டும் பறவைக் காய்ச்சலும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன.

உடலை நாய் தோண்டாத ஆழத்தில், குறைந்தது மூன்றடி குழியில், சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். ராணிக்கெட், பறவைக் காய்ச்சல் கிருமிகள் சோப்புக்கும் வெயிலுக்கும் சாகும். கும்போரோவும் அம்மையும் அப்படிச் சுலபத்தில் சாகாது. கூண்டைத் தேய்த்துக் கழுவி, காயவிட்டு, ஒரு மாதமாவது காலியாக வைத்திருந்து பிறகு புதுக் குஞ்சு விடுங்கள்.

ராணிக்கெட்டுக்குத் தடுப்பூசி இருக்கும்போது இத்தனை சாவு ஏன் என்றால், அதற்கு முக்கியக் காரணம் அது வரும் சின்னப் பாட்டில்தான். ஒரு குப்பியில் 100 கோழிக்கு மருந்து இருக்கும். கலக்கிய பிறகு இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். ஆறு கோழி வைத்திருப்பவர் அதை வாங்கி என்ன செய்வார்? தெருவே சேர்ந்தால்தான் முடியும். போடும் வரிசை இது: குஞ்சுக்கு முதல் வாரத்தில் எஃப்1 அல்லது லசோட்டா ரகத் தடுப்பூசி கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, நாலாம் வாரம் லசோட்டா மறுபடி, எட்டாம் வாரம் ஆர்2பி இறக்கைக்கு அடியில் தோலுக்குக் கீழே அரை மில்லி, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆர்2பி. குப்பியை ஐஸோடு கொண்டுவர வேண்டும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கலக்கக் கூடாது. தெருவில் சீக்கு வந்துவிட்டால், நோயில்லாத வீட்டிலிருந்து தொடங்கிப் போட வேண்டும், சீக்கு வீட்டு ஊசியோடு அடுத்த வீட்டுக்குப் போகக் கூடாது. தமிழ்நாட்டில் ஒவ்வொரு பிப்ரவரியிலும் இரண்டு வாரம் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துவது வெயிலோடு வரும் சீக்கை முந்திக்கொள்ளத்தான். சித்தூர், திருப்பதிப் பக்கத்தில் முன்கூட்டியே ஊசி போட இன்னொரு காரணமும் உண்டு. மே மாதத்தில் கங்கம்மா ஜாத்திரைக்கு ஊர் ஊராகக் கோழிகள் கூடையில் கைமாறும். பல வீட்டுக் கோழிகள் ஒரே கூடையில் அடைபட்டால் ஒன்றின் கிருமி எல்லாவற்றுக்கும் போகும். அதற்கு ஒரு மாதம் முன்பே ஊசி போட்டிருக்க வேண்டும்.

உங்கள் தெருவில் பத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து, ஊர்க் கால்நடை உதவியாளரிடம் ஒரு நாள் குறித்துக் கேளுங்கள். கோழி தூங்க ஆரம்பித்தால் விற்காதீர்கள், அறுக்காதீர்கள், அன்றைக்கே தெரிவியுங்கள். நடமாடும் கால்நடை மருத்துவ வண்டிக்கான கட்டணமில்லா எண் 1962. ஆந்திரத்திலும் தமிழ்நாட்டிலும் அதே எண்தான்.